கனடா பி.ஆர்.: பதில் வராத மாதங்களில் என்ன செய்வது?

கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கு (பி.ஆர்.) விண்ணப்பித்துவிட்டு முடிவு தெரியாமல் இருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறன்மிகு தொழிலாளர்களுக்கான இணைய வழி விண்ணப்ப முறை) கனடிய அனுபவப் பிரிவில் (கனடாவில் வேலை செய்தவர்களுக்கானது) விண்ணப்பித்து 11 மாதம் ஆகிவிட்டது. 6 மாதம் என்றார்கள். இணையக் கணக்கில் “பரிசீலனையில் உள்ளது” என்பதைத் தவிர ஒன்றுமில்லை. குடிவரவுத் துறையின் இணையக் கேள்விப் படிவமான வெப்ஃபார்மில் கேட்டாலும் அதே வரிதான் திரும்பி வருகிறது. என் ஃபைலை மறந்தே விட்டார்களா?
வாசகர், பிராம்ப்டன்

6 மாதம் என்பது, முழுமையாக வந்து சேர்ந்த 10 விண்ணப்பங்களில் 8-ஐ முடித்துவிட வேண்டும் என்று குடிவரவுத் துறை தனக்கே வைத்துக்கொண்ட இலக்கு. மற்ற இரண்டுக்குக் கெடு எதுவும் கிடையாது. அந்த இரண்டில் ஒருவராக இருப்பதாலேயே நிராகரிப்பு வரப்போகிறது என்று எண்ண வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேருக்கு பி.ஆர். என்பதை அரசு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. 2024-க்கு 4,85,000 என்று இருந்த இலக்கு 2025-க்கு 3,95,000 ஆகவும், 2026-க்கு 3,80,000 ஆகவும் குறைந்தது. இடம் குறைந்தால் வரிசை நீளும்.

வெப்ஃபார்மில் “என் விண்ணப்பம் என்ன நிலையில் இருக்கிறது?” என்று கேட்டால் பொதுப் பதில்தான் வரும். முதலில் ஃபைல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு வழி, எல்லோரும் ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் என்று சொல்லும் உள்குறிப்புகளைக் கேட்டு வாங்குவது. கனடாவில் இருப்பவர் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டிக் கேட்கலாம். பிரைவசி சட்டத்தின் கீழ் சொந்தத் தகவலைக் கேட்டால் கட்டணமே இல்லை. 2022 ஜூலை முதல் கனடாவுக்கு வெளியே இருப்பவர்களும் பிரைவசி சட்டத்தைப் பயன்படுத்தலாம். இணையத்திலேயே கேட்டுவிடலாம், யு.சி.ஐ. எண்ணும் (துறை உங்களுக்குத் தந்த தனி அடையாள எண்) விண்ணப்ப எண்ணும் வேண்டும். “அதிகாரியின் குறிப்புகள் உட்பட எல்லா மின்பதிவுகளும்” என்று எழுதுங்கள். சட்டம் தரும் காலம் 30 நாள். அதை நீட்டிப்பதும் உண்டு.

வந்து சேரும் பக்கங்களில் நீங்கள் தேட வேண்டியவை தகுதி, குற்றப் பின்னணி, மருத்துவம், பாதுகாப்பு என்ற தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பாஸ்டு’, ‘இன் புராகிரஸ்’, ‘நாட் ஸ்டார்டட்’, ‘ரிவ்யூ ரிக்வயர்டு’ போல ஒரு நிலை இருக்கும். தகுதியில் ‘ரிவ்யூ ரிக்வயர்டு’ என்று இருந்தால் அதிகாரியின் குறிப்பை வரி வரியாகப் படியுங்கள். பெரும்பாலும் வேலைச் சான்றில்தான் சிக்கல் இருக்கும்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று இல்லை, செய்த வேலைகளின் விவரம் இல்லை, கடிதத்தில் உள்ள எண்ணில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ மேலாளர் மாறியிருந்தாலோ, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். புதிய தொடர்பு எண், சம்பளச் சீட்டுகள், வருமான வரிப் படிவங்கள் ஆகியவற்றை ஒரே பி.டி.எஃப். ஆக்கி, ஒரு பக்க விளக்கக் கடிதத்தோடு வெப்ஃபார்மில் ஏற்றுங்கள். வெப்ஃபார்முக்கு உண்மையான பயன் இதுதான்.

பாதுகாப்புப் பகுதி ‘இன் புராகிரஸ்’ என்று நின்றால், ஃபைல் எல்லைச் சேவை முகமையிடமோ உளவுத் துறையிடமோ போயிருக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பக்கங்கள் கறுப்படித்துத்தான் வரும். நீங்கள் அனுப்பக்கூடியது எதுவும் இல்லை. எல்லைச் சேவை முகமைக்குத் தனியாக ஒரு தகவல் விண்ணப்பம் போட்டால், அங்கே எப்போது போனது, திரும்பியதா என்ற தேதிகளாவது சில நேரம் கிடைக்கும். நோட்ஸ் என்பது அது எடுக்கப்பட்ட நாளின் நிலைமை மட்டுமே. மாதாமாதம் வாங்க வேண்டாம். மூன்று நான்கு மாத இடைவெளி விடுங்கள்.

என் ஒர்க் பெர்மிட் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. பி.ஆர். அதற்குள் வராது போலிருக்கிறது. நடுவில் தங்கை திருமணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும்.
வாசகி, மிசிசாகா

பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருப்பது மட்டுமே உங்களுக்குக் கனடாவில் தங்கவோ வேலை செய்யவோ உரிமை தராது. தாமதத்தால் அதிகம் பேர் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

பொருளாதாரப் பிரிவுகளில் விண்ணப்பித்தவர்களுக்கு பிரிட்ஜிங் ஓப்பன் ஒர்க் பெர்மிட், அதாவது பி.ஆர். முடிவு வரும்வரையிலான இடைக்கால வேலை அனுமதி, உண்டு. கட்டணம் 155 டாலரும், ஓப்பன் பெர்மிட்டுக்கான 100 டாலரும் சேர்த்து 255. பி.ஆர். விண்ணப்பம் முழுமையானது என்ற சோதனையைக் கடந்ததைக் காட்டும் ஒப்புதல் கடிதம், அதாவது ஏ.ஓ.ஆர்., கட்டாயம் இணைக்க வேண்டும். அதை இணைக்காமல் விட்டு நிராகரிப்பு வாங்குபவர்கள் நிறைய. மாகாண நியமனம் பெற்றவர்கள் (பி.ஆர்.-க்கு ஒரு மாகாண அரசு பரிந்துரைத்தவர்கள்), நியமனக் கடிதத்தில் “இந்த நிறுவனத்தில் மட்டும்” என்ற கட்டுப்பாடு இல்லையா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள். எனவே உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் குறைவாக இருந்தால், முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு பெர்மிட்டுக்குப் போங்கள்.

பழைய பெர்மிட் முடியும் முன்பே இந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட்டின் அதே நிபந்தனைகளில் வேலையைத் தொடரலாம். ஒரே நிறுவனத்துக்கான பெர்மிட் என்றால் அந்த நிறுவனத்தில் மட்டும். இணையத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு இதை உறுதிசெய்யும் கடிதம் கணக்கில் வரும். அதை அலுவலக மனிதவளப் பிரிவில் கொடுத்து வையுங்கள். ஒரு நாள் தவறினாலும் இந்த உரிமை போய்விடும். அதன்பின் 90 நாளுக்குள் நிலையை மீட்க விண்ணப்பிக்கலாம். ஆனால் மீட்பு கிடைக்கும்வரை வேலை செய்யக்கூடாது.

இப்போது ஊர்ப் பயணம். பெர்மிட்டும் விசாவும் செல்லுபடியாகும் காலத்திலேயே போய்த் திரும்புங்கள். பழைய பெர்மிட் முடிந்து புதியதற்குக் காத்திருக்கும் நாட்களில் கனடாவை விட்டு வெளியேறினால், வேலை செய்யும் உரிமை அந்தக் கணமே முறிகிறது. திரும்பி வந்தாலும், புதிய பெர்மிட் கையில் கிடைக்கும்வரை வேலைக்குப் போக முடியாது. விசாவும் முடிந்திருந்தால் விமானமே ஏற முடியாது. திருமணத் தேதி அந்த இடைவெளியில் விழுமானால், இப்போதே விண்ணப்பித்து, பெர்மிட் வந்த பிறகு டிக்கெட் போடுவதுதான் பாதுகாப்பு.

சென்னையில் இருந்து விண்ணப்பித்தோம். மெடிக்கல் எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. போலீஸ் சான்றிதழும் பழையதாகிவிட்டது. நாங்களாகவே புதிதாக எடுத்து அனுப்பிவிடலாமா?
வாசகர், சென்னை

மெடிக்கலை எடுக்காதீர்கள். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும். ஆனால் மறுபடி எடுக்கச் சொல்லி அவர்கள் கடிதம் தரும்போது எடுத்தால்தான் அது உங்கள் ஃபைலோடு சரியாக இணையும். சில நேரம் பழையதையே நீட்டித்துக்கொள்கிறார்கள். இப்போது எடுத்துவிட்டு முடிவு மேலும் தள்ளிப்போனால், மூன்றாவது முறையும் குடும்பத்தோடு பணம் கட்ட நேரும். மருத்துவம் ‘பாஸ்டு’ ஆகாமல் நிற்கிறதென்றால், மார்பு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு ஏதாவது தெரிந்து காசநோய்ச் சோதனை கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சளி கல்ச்சர் முடிவு வர 8 வாரம் வரை ஆகும். அதை விரைவாக்க வழியில்லை.

போலீஸ் சான்றிதழ் விதி வேறு. கடந்த 10 ஆண்டுகளில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று வேண்டும். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விட்டு வந்த நாட்டுக்கு, அங்கே கடைசியாக வாழ்ந்து முடித்த பிறகு எடுத்ததாக இருந்தால் போதும். ஆகவே வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர், மறுபடி அங்கே போய் வசிக்காதவரை, அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டை மட்டும் தாமதிக்காமல் புதுப்பியுங்கள். கிடைத்த அன்றே அதன் நகலை வெப்ஃபார்மில் ஏற்றுங்கள். நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தின் காலாவதித் தேதியை மெடிக்கல், பாஸ்போர்ட் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதை வைத்துத்தான் குறிக்கிறார்கள். அந்தத் தேதிக்குள் கனடாவில் இறங்கியாக வேண்டும். அதை நீட்டிக்க மாட்டார்கள். மெடிக்கல் முடிய ஆறு வாரம் இருக்கும்போது பத்திரம் வந்து, வீட்டைக் காலி செய்ய அல்லாடும் குடும்பங்கள் உண்டு.

கணக்கில் “கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி” மட்டும் மாறுகிறது, உள்ளே ஒன்றும் மாறவில்லை. இது நல்ல அறிகுறியா?
வாசகி, கால்கரி

யாரோ ஃபைலைத் திறந்திருக்கலாம், கணினியே தேதியை மாற்றியிருக்கலாம். அதை வைத்து எதையும் கணிக்க முடியாது. தினமும் பத்து முறை பார்ப்பது தூக்கத்தைத்தான் கெடுக்கும். வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொண்டு கணக்கையும், மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதத்துக்கு அதில் சொன்ன நாட்களுக்குள் பதில் போக வேண்டும். கவனிக்காமல் விட்டால், இருப்பதை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள்.

நான் இங்கு பாதுகாக்கப்பட்ட நபராக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்து இரண்டரை வருடம். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். மகளுக்கு இப்ப 23 வயது. நல்ல சம்பந்தம் ஒன்று வந்திருக்கு. எழுத்தை மட்டும் இப்ப வைப்பம், கலியாணத்தைப் பிறகு செய்வம் என்று மனைவி சொல்லுறா. என்ர அம்மாவும் கடும் சுகயீனம். ஒரு கிழமை போய்வந்தால் பிரச்சினை வருமா?
வாசகர், ஸ்காபரோ

இரண்டும் திரும்ப எடுக்க முடியாத காரியங்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் மகள். விண்ணப்பத்தில் சேர்க்கக்கூடிய, பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளை என்றால் 22 வயதுக்குக் கீழ், மணமாகாதவர். உங்களைப் போல் கனடாவுக்குள் அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு, பிள்ளையின் வயது அந்தக் கோரிக்கை வைத்த நாளோடு பூட்டப்படுகிறது. அன்று அவர் 22-க்குக் கீழ் இருந்திருந்தால், இன்று 23 ஆனது தடையில்லை. ஆனால் மணநிலை பூட்டப்படுவதில்லை. நிரந்தர வதிவிடம் கிடைக்கும் நாள்வரை அவர் மணமாகாதவராகவே இருக்க வேண்டும். எழுத்து என்பது சட்டப்படி திருமணப் பதிவு. தாலி கட்டவில்லை, இன்னும் தாய் வீட்டில்தான் இருக்கிறா என்ற விளக்கம் எடுபடாது. எழுத்து முடிந்த அன்றே அவர் உங்கள் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுகிறார். மணமான மகளைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்யவும் முடியாது.

மறைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். மகள் பின்னாளில் கணவனை ஸ்பான்சர் செய்யும்போது பதிவுச் சான்றிதழின் தேதியே காட்டிக்கொடுக்கும். பொய்த் தகவலுக்கு 5 ஆண்டுத் தடை. வந்து சேர்ந்தவரின் வதிவிடமும் பறிபோகலாம். அதோடு, தான் குடியேறியபோது அறிவிக்காமல் விட்ட வாழ்க்கைத் துணையைப் பின்னர் ஸ்பான்சர் செய்ய முடியாது என்பதும் சட்டம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைத் திறந்து சொல்லுங்கள். நிச்சயம் செய்யலாம், காத்திருக்கலாம். மகள் இங்கு வந்து வதிவிடம் பெற்றபின் திருமணம் செய்து கணவனை முறைப்படி அழைக்கலாம். நாள் தள்ளுவது பெண் வீட்டுக்கு எவ்வளவு சங்கடம் என்பது தெரிந்தேதான் இதைச் சொல்கிறோம்.

அடுத்து அம்மா. இலங்கைக்குப் போகாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் வேண்டாம். எந்த நாட்டிடமிருந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ அதன் கடவுச்சீட்டை எடுப்பதும், அங்கே போய்வருவதும், அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களே மறுபடி ஏற்றுக்கொண்டதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். அதை வைத்து உங்கள் பாதுகாக்கப்பட்ட நிலையையே நீக்கக் கோரலாம். 2012 டிசம்பர் 15 முதல், இப்படி நீக்கப்படுபவர் நிரந்தர வதிவிடம் பெற்றுவிட்டவராக இருந்தாலும் அதையும் சேர்த்து இழக்கிறார். குடியுரிமை பெறும்வரை இந்த ஆபத்து தொடர்கிறது. கனடா தரும் அகதிப் பயண ஆவணத்தை எடுத்து, மூன்றாவது நாடொன்றில் குடும்பத்தைச் சந்திக்க வழியிருக்கிறது. அந்த நாட்டு விசா, கனடாவுக்குத் திரும்பும் நிபந்தனை இரண்டையும் வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்திய பிறகே புறப்படுங்கள். அம்மாவை நேரில் பார்க்க முடியாத வேதனைக்கு எங்களிடம் பதில் இல்லை.

உங்கள் ஃபைல் ஏன் இவ்வளவு நாள் நிற்கிறது? கனடா 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. வடக்கு கிழக்கில் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களின் பாதுகாப்புச் சோதனை நீள்வதற்கு அந்தப் பின்னணி ஒரு காரணம். அதை மாற்ற முடியாது. ஆனால் படிவங்களில் இருக்கும் இடறல்களை நீக்க முடியும். அகதிக் கோரிக்கைப் படிவத்தையும், வதிவிட விண்ணப்பத்தின் பின்னணிப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். இடம்பெயர்ந்திருந்த முகாம், தடுப்பில் இருந்த மாதங்கள், வேலையில்லாமல் இருந்த காலம் எதுவும் இடைவெளியாக விடப்படக்கூடாது. பெயர் இன்னொரு பொறி. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் வரும்; பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. எல்லா வடிவங்களையும் “பயன்படுத்திய வேறு பெயர்கள்” என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். விட்டுப்போனது இருந்தால், திருத்திய படிவத்தை விளக்கக் கடிதத்தோடு நீங்களே அனுப்புங்கள்.

பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்து வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். நடுவில் சூப்பர் விசா போட்டால் அந்த விண்ணப்பம் கெட்டுவிடுமா?
வாசகர், எட்மன்டன்

கெடாது. நிரந்தரமாக வர விரும்புபவர் தற்காலிகமாகவும் வரலாம் என்று குடிவரவுச் சட்டமே சொல்கிறது. சூப்பர் விசா என்பது பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கான நீண்ட கால வருகை விசா. 2022 ஜூலை 4 முதல் அதில் ஒரு வருகைக்கு 5 ஆண்டு வரை தங்கலாம். அழைப்பவர் குறைந்தபட்ச வருமான அளவைக் காட்ட வேண்டும். பெற்றோருக்குக் குறைந்தது 1,00,000 டாலர் மதிப்பில் ஓராண்டு மருத்துவக் காப்பீடு வேண்டும். காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றிய நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். மருத்துவமனைச் செலவு வரும்போது குடும்பங்கள் மாட்டிக்கொள்வது அந்த வரியில்தான். விசா விண்ணப்பத்தில் ஸ்பான்சர் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

மாகாண நியமனத்தில் விண்ணப்பித்தேன். காத்திருக்கும்போதே நிறுவனம் வேலையை விட்டு எடுத்துவிட்டது. சொல்ல வேண்டுமா?
வாசகர், ரெஜைனா

சொல்லத்தான் வேண்டும், அதுவும் முதலில் மாகாணத்துக்கு. உங்கள் நியமனம் அந்த வேலையை வைத்துக் கிடைத்ததென்றால் மாகாணம் அதைத் திரும்பப் பெறலாம். அதே தொழிலில் வேறு நிறுவனம் கிடைத்தால் ஏற்பதும் உண்டு. எனவே வேலை தேடும் முயற்சியின் சான்றுகளைச் சேர்த்து வையுங்கள். நியமனமே இல்லாமல் கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பித்தவரின் நிலை இவ்வளவு மோசமில்லை. அழைப்பு வந்த நாளிலும் விண்ணப்பம் சேர்ந்த நாளிலும் தகுதி இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி.

ஆலோசகர் ஒருவர் 3,000 டாலர் கொடுத்தால் ஃபைலை “வெளியே எடுத்துத் தருவதாக”ச் சொல்கிறார். நண்பர்கள் கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். எது சரி?
வாசகர், மார்க்கம்

பணம் வாங்கிக்கொண்டு ஃபைலை வெளியே எடுக்க யாராலும் முடியாது. அவர் உரிமம் பெற்ற ஆலோசகரா என்பதை, குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பெயர் போட்டுப் பார்க்கலாம். உரிமம் இருந்தாலும் இந்த வாக்குறுதி பொய்தான்.

கட்டணமில்லாத வழி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் அவர்கள் துறையிடம் விசாரிப்பார்கள். “என்ன நிலை?” என்று போகாமல், நோட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு “பாதுகாப்புச் சோதனை இந்தத் தேதியிலிருந்து நிற்கிறது, முடிந்துவிட்டதா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக, கனடாவில் வசிக்கும் உறவினர் தம் தொகுதி அலுவலகத்தை அணுகிப் பார்க்கலாம்.

கோர்ட் என்று நண்பர்கள் சொல்வது மாண்டமஸ். கடமையைச் செய் என்று பெடரல் நீதிமன்றத்தை உத்தரவிடக் கேட்பது. 1998-இல் வழங்கப்பட்ட கோனீல் தீர்ப்பு வகுத்த அளவுகோல் மூன்று: அந்த வகை விண்ணப்பத்துக்கு இயல்பாகத் தேவைப்படுவதைவிடத் தாமதம் நீண்டிருக்க வேண்டும்; தாமதத்துக்கு விண்ணப்பதாரரோ அவருடைய வழக்கறிஞரோ காரணமாக இருக்கக்கூடாது; துறை ஏற்கத்தக்க விளக்கம் தந்திருக்கக்கூடாது. கேட்ட ஆவணத்தைத் தாமதமாக அனுப்பியவர் இரண்டாவதில் விழுவார். எனவே ஏ.ஓ.ஆர். தொடங்கி ஒவ்வொரு கடிதமும் வந்த நாள், நீங்கள் பதில் அனுப்பிய நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். வழக்குக்கு முன் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவார். சிலருக்கு அதோடே ஃபைல் நகர்ந்துவிடும். நீதிமன்றக் கட்டணம் 50 டாலர்தான், வழக்கறிஞர் கட்டணம்தான் பெரிது. பல வழக்குகள் விசாரணைக்கு வரும் முன்பே முடிந்துவிடுகின்றன.

நீதிமன்றம் “முடிவெடு” என்று சொல்லுமே தவிர “பி.ஆர். கொடு” என்று சொல்லாது. உங்கள் நோட்ஸில் தகுதி குறித்துச் சந்தேகம் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் வழக்குப் போடுவது நிராகரிப்பைச் சீக்கிரம் வரவழைப்பதாகிவிடும். நோட்ஸ் வாங்குங்கள், குறையை ஆவணத்தால் நிரப்புங்கள், பிறகு வழக்கறிஞரிடம் போங்கள்.